சீனத்து அரிசியும் மாஓ சே துங்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, உள்நாட்டுக் கடனீரேரி ஒன்று பெருங்கடலோடு கலக்கும் வாயிலில் அமைந்துள்ளது எனது ஊராகிய தொண்டைமானாறு. கருணாகரத் தொண்டைமான் என்னும் சோழர் படைத்தலைவன் இப்பகுதியின் உப்பை மரக்கலங்களில் ஏற்றிச் செல்லும் பொருட்டு இவ்வாற்றை வெட்டுவித்தான் என்பது எங்கள் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி. அதன் மெய்ம்மையை ஆராய்வது இன்று என் நோக்கமன்று. உப்பை வெளியே அனுப்பிய ஊருக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்னும் கேள்வியே என்னை இவ்வொலிவாங்கியின் முன் கொண்டுவந்து இருத்தியுள்ளது.

குடாநாட்டு வயல்கள் வானம் பார்த்தவை. ஆறு மாதச் சாப்பாட்டுக்கு நெல் கண்ட குடும்பம் செல்வக் குடும்பம். ஏனையோர்க்குச் சங்கக்கடையும் கூப்பன் அரிசியுமே கதி. ஆற்றங்கரையிற் கோயில் கொண்டிருக்கும் செல்வச்சந்நிதி முருகனை 'அன்னதானக் கந்தன்' என்று அடியார் அழைப்பர். அவன் சந்நிதி மடங்களிலே வந்தார்க்கெல்லாம் இலை போடுவது இன்றும் நடைபெறும் வழக்கம். பசித்தவனுக்குச் சோறிடுவதை ஓர் ஊர் தன் பெருந்தருமமாகக் கொண்டிருக்கிறதென்றால், பசி அவ்வூரில் நெடுங்காலம் குடியிருந்தது என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

1960ஆம் ஆண்டளவில், எனக்குப் பத்து வயதிருக்கும். ஒருநாள் கூப்பன் புத்தகமும் ஓலைப்பெட்டியுமாகச் சங்கக்கடை வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் ஊர்ச் சட்டம்பியார் ஒருவர். வெள்ளை வேட்டியும் திருநீறும் தரித்தவர். ஆயினும் கொம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்காமல் வீதியில் இறங்காதவர். அவர் தமது பையிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி என் முன்னே விரித்துக் காட்டினார்.

"தம்பி, இது ஆற்றை அரிசி தெரியுமோ?"

"தெரியாது, சட்டம்பியார்."

"சீனத்து அரிசி. மாஓ சே துங்கின்ரை தேசத்திலை, நிலம் கிடைச்ச குடியானவன் விளைச்ச அரிசி. வடிவாய்ப் பார்."

மாஓ என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். பின்னாளில் மா சேதுங் என்றும் மாவோ என்றும் பலவாறு எழுதப்பட்ட அப்பெயர், அன்று எனக்கு ஒரு பிடி அரிசியின் பெயராகவே மனத்திற் பதிந்தது. அம்மனிதரின் எழுச்சியையும் ஆட்சியையும் அவ்வரிசியை ஒட்டியே இன்று பேசலாமென எண்ணுகிறேன்.

முதலில் அரிசி வந்த வழி. 1951ஆம் ஆண்டில், கொரிய யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, சீனாவுக்குப் போர்த் தேவைக்கான பொருள்களை விற்கலாகாதென ஐக்கிய நாடுகள் சபை தீர்மானித்தது. றப்பரும் அத்தகைய பொருளே. இலங்கையோ அப்போது ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமை பெற்றிருக்கவில்லை. உலகச் சந்தையில் றப்பர் விலை சரிந்தது. அரிசி விலை ஏறியது. அமெரிக்காவிடமிருந்து இரண்டிலும் நியாயமான விலை கிடைக்கவில்லை. அந்நிலையில் டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம், பொதுவுடைமைக் கொள்கைக்கு எட்டாத தூரத்தில் நின்ற அரசாங்கம், வர்த்தக அமைச்சர் ஆர். ஜீ. சேனநாயக்காவின் முயற்சியால் 1952 டிசம்பரில் பீக்கிங்குடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் சீனா 270,000 தொன் அரிசி தரும். இலங்கை 50,000 தொன் றப்பர் தரும். றப்பருக்குச் சந்தை விலையிலும் மேலான விலை. அமெரிக்கா முகங்கோணி உதவியை நிறுத்தியது. வயிற்றுப்பாட்டுக்குக் கட்சியில்லை என்பதைச் சேனநாயக்காக்கள் நன்றாக அறிந்திருந்தனர். மறு ஆண்டு அரிசி மானியத்தை வெட்டி, ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலிலே நாடு கொந்தளித்ததையும், டட்லி பதவி துறந்ததையும் முதியோர் மறந்திரார். இத்தீவில் அரியணைகளை ஆட்டிவைத்தது அரிசி.

சீனத்திலும் அப்படியே.

மாஓ சே துங் 1893 டிசம்பர் 26ஆம் திகதி ஹூனான் மாகாணத்திலுள்ள ஷாஓஷான் என்னும் கிராமத்திற் பிறந்தார். தந்தையார் கடனாளியாகத் தொடங்கி, சிக்கனத்தாலும் கண்டிப்பாலும் நிலம் சேர்த்து, நெல் வாங்கி விற்கும் வியாபாரியானவர். மகன் கணக்கெழுத வேண்டுமென்பது தந்தையின் ஆசை. மகனோ கொள்ளைக்காரரும் கலகக்காரரும் நிரம்பிய பழஞ்சீனக் கதைகளில் மூழ்கிக் கிடந்தார். பதினான்கு வயதில் தமக்குச் செய்துவைத்த திருமணத்தை அவர் ஏற்கவில்லை. தந்தையோடு பிணங்கிய பிள்ளைகள் எவ்வூரிலும் உண்டு. ஆனால் அப்பிணக்கிலே, தந்தை விற்ற நெல்லின் மறுபக்கத்தில் நின்ற பசித்தவர்களையும் கண்டுகொண்ட பிள்ளை அரிது.

1911இல் மஞ்சு வமிசம் சரிந்தபோது அவர் ஆறு மாதம் போர்வீரராக இருந்தார். பின்னர் சாங்ஷா நகரின் ஆசிரிய கலாசாலையிற் பயின்று 1918இல் வெளியேறினார். எங்கள் சட்டம்பியாருக்கு இதிலே தனிப் பெருமை. "அவரும் ஒரு வாத்தியார்தான்" என்பார். பீக்கிங் பல்கலைக்கழக நூல்நிலையத்திற் சிறு சம்பளத்துக்கு உதவியாளராக இருந்த காலத்தில், அந்நூல்நிலையத் தலைவரும் சீனத்தின் முதல் மார்க்சியர்களுள் ஒருவருமான லீ தா சாஓவின் செல்வாக்குக்கு உட்பட்டார். வாசிக்க வந்த பெரிய அறிஞர்கள் இந்தத் தென்னாட்டு உச்சரிப்புக்காரப் பையனோடு பேச நேரம் ஒதுக்கவில்லையென்று அவரே பிற்காலத்தில் எட்கர் சினோ என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளரிடம் கூறியுள்ளார். அறிவாளிகள் மீது அவருக்கிருந்த தீராத கசப்புக்கு வித்து அந்நூல்நிலையத்தில் விழுந்திருக்கலாமென்பது என் ஊகம்.

1921 யூலையில் ஷாங்காயிற் கூடிச் சீனக் கொம்யூனிஸ்ட் கட்சியை அமைத்த பதின்மூன்று பிரதிநிதிகளுள் மாஓவும் ஒருவர். கட்சி அன்று தொழிலாளரையே நம்பியது; மார்க்சின் நூல்களும் மாஸ்கோவின் ஆலோசனையும் அவ்வழியையே காட்டின. சீனத்திலோ ஆலைகள் கையளவு, வயல்கள் கடலளவு. 1927இன் தொடக்கத்தில் மாஓ தமது மாகாணக் கிராமங்களைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார். குடியானவர் எழுந்தால் எந்தச் சக்தியாலும் தடுக்க இயலாது. அவர்களுக்கு முன்னே நடப்பதா, பின்னே நின்று குறை சொல்வதா, எதிர்த்து நிற்பதா என்பதைப் புரட்சிக்காரர் ஒவ்வொருவரும் தீர்மானிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அவ்வறிக்கையில் இரக்கமும் உண்டு. கொடுமைக்கு அஞ்சாத ஒரு குளிர்ந்த மனமும் உண்டு. கிழாரைத் தெருவில் இழுத்துச் சென்று தலையிற் காகிதக் குல்லா கவிழ்த்ததை அவர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். நாற்பது ஆண்டுகள் கழிந்து அதே காகிதக் குல்லா பேராசிரியர் தலையிலும் அமைச்சர் தலையிலும் ஏறியது.

அதே 1927 ஏப்பிரலிலே, அதுவரை கூட்டாளியாயிருந்த சியாங் கை ஷேக் ஷாங்காயில் கொம்யூனிஸ்டுகளைக் கொன்று குவித்தார். எஞ்சியவர்களிற் சிலரோடு மாஓ சிங்காங் மலைக்குப் போனார். மறு ஆண்டு சூ தே தம் படையோடு வந்து சேர்ந்தார். குடியானவரிடமிருந்து ஊசியொன்றும் பறிக்கலாகாது, வாங்கியதற்கு விலை கொடுக்க வேண்டும், உறங்கக் கழற்றிய கதவுப் பலகையைத் திரும்பப் பூட்ட வேண்டும் என்னும் விதிகள் அப்படைக்கு இருந்தன. சீனக் குடியானவன் அதுவரை கண்டிருந்த படைகள் அவன் கோழியையும் மகளையும் கொண்டுபோன படைகள். கதவைத் திரும்பப் பூட்டிவிட்டுப் போன படையை அவன் வியப்போடு பார்த்தான்.

1930இல் மாஓவின் மனைவி யாங் காய் ஹூய் கைதாகிக் கொல்லப்பட்டார். 1931இல் சியாங்சி மாகாணத்தில் செஞ்சீனச் சிற்றரசு ஒன்று எழுந்தது. சியாங் கை ஷேக் ஐந்து முறை அதனை முற்றுகையிட்டார். ஐந்தாம் முற்றுகை இறுகியபோது, 1934 ஒக்டோபரில், ஏறத்தாழ 86,000 பேர் அவ்விடம் விட்டுப் புறப்பட்டனர். நெடும்பயணம் எனப் புகழ்பெற்றது இதுவே. பனிமலைகளும் சதுப்பு நிலங்களும் கடந்து, மறு ஆண்டு ஒக்டோபரில் வடக்கே ஷென்சி மாகாணத்தை அடைந்தோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. வழியில், 1935 சனவரியில், சூன்யி என்னும் ஊரிற் கூடிய கூட்டத்திலேதான் மாஓ கட்சித் தலைமையின் முன்னணிக்கு வந்தார். தோற்றோடிய ஒரு பின்வாங்கலை வெற்றிக் காவியமாக மாற்றிச் சொல்லத் தெரிந்தவர் அவர். எங்கள் சட்டம்பியார் வகுப்பிற் பாரதம் சொல்லும்போது, பாண்டவர் வனவாசத்தை விட்டு இப்பயணத்துக்குத் தாவிவிடுவது வழக்கம். பூகோள பாடமும் அதற்குள்ளேயே முடிந்துவிடும்.

யெனான் குகைகளில் தங்கியிருந்த பத்தாண்டுகள், யப்பானியரோடு நிகழ்ந்த போர், 1946இல் மீண்டும் மூண்ட உள்நாட்டு யுத்தம் ஆகியவற்றை நான் விரிக்கப் போவதில்லை. பணவீக்கத்தாலும் ஊழலாலும் சியாங்கின் அரசு உள்ளிருந்தே உளுத்துப்போனது. நிலம் பெற்ற குடியானவன் தன் மகனைச் செம்படைக்கு அனுப்பினான். 1949 ஒக்டோபர் முதலாந் திகதி தியனன்மென் வாயிலில் நின்று மாஓ மக்கட் குடியரசைப் பிரகடனஞ் செய்தார். 1950 சனவரியில் இலங்கை அதனை அங்கீகரித்தது.

ஆட்சியின் முதலாண்டுகளைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. உழுதவனுக்கு நிலம் கிடைத்தது. 1950இன் திருமணச் சட்டம் குழந்தை மணத்தையும், பெண்ணை விற்று வாங்கும் வழக்கத்தையும் தடுத்தது. அபின் ஒழிந்தது. கொள்ளைநோய்கள் குறைந்தன, எழுத்தறிவு பரவியது. 1949இல் நாற்பதை எட்டாத சராசரி ஆயுள் அவர் மறைந்த காலத்தில் அறுபதைத் தாண்டியிருந்தது. அதே வேளையில், நிலச் சீர்திருத்தத்தின்போது கிராமக் கூட்டங்களில் நிறுத்திக் கொல்லப்பட்ட நிலக்கிழார்களின் தொகை இலட்சக்கணக்கானது. கொரியப் போர்க்களத்தில் மாஓவின் மூத்த மகனும் 1950 நவம்பரில் மாண்டார். 1957இல், மனந்திறந்து குறை கூறுங்கள் என்று முன்பு அழைக்கப்பட்ட அறிஞர் ஐந்து இலட்சம் பேருக்கு மேல் 'வலதுசாரிகள்' என முத்திரை குத்தப்பட்டு வயலுக்கும் சிறைக்கும் அனுப்பப்பட்டனர். இதன் விளைவு யாதெனின், அதற்குப் பின் எவரும் தலைவரிடம் மெய்யைச் சொல்லத் துணியவில்லை.

இங்கேதான், நேயர்களே, நான் சங்கக்கடை வாசலுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

1958இல் மாஓ 'மாபெரும் முன்பாய்ச்ச'லைத் தொடங்கினார். உருக்கு உற்பத்தியில் பிரித்தானியாவைப் பதினைந்து ஆண்டுகளில் மிஞ்ச வேண்டும். கிராமங்கள் அனைத்தும் 26,000 வரையான கம்யூன்களாக இணைக்கப்பட்டன. குடியானவனுக்குப் புரட்சி கொடுத்த நிலத்தை அதே புரட்சி திரும்ப எடுத்துக்கொண்டது. வீட்டடுப்புகள் அணைந்தன; பொதுச் சமையற்கூடத்திலேயே உணவு. வீட்டுச் சட்டிபானைகளும் கலப்பைக் கொழுவும் கொல்லைப்புற உலைகளில் உருகி, எதற்கும் உதவாத இரும்புக் கட்டிகளாயின. அறுவடைக் காலத்தில் ஆண்கள் உலையண்டை நின்றனர். கதிர் வயலிலே உதிர்ந்தது. தானியம் தின்னும் எதிரியென்று சிட்டுக்குருவியைத் தட்டொலி எழுப்பித் துரத்திக் கொன்றனர். குருவி இல்லாத வயலைப் பூச்சிகள் தின்றன. எந்தக் கமக்காரனும் சொல்லியிருப்பான், குருவி நெல்லை மட்டும் தின்பதில்லையென்று. அவனைக் கேட்பாரில்லை.

இவை யாவற்றினும் கொடியது பொய்க்கணக்கு. ஒவ்வொரு கம்யூனும் அயற் கம்யூனை விஞ்சிய விளைச்சலை அறிவித்தது. 1958ஆம் ஆண்டின் தானிய விளைவு 375 மில்லியன் தொன் என்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. உண்மையில் விளைந்தது 200 மில்லியன் தொன் அளவே. அரசு தன் பங்கைப் பொய்க்கணக்கின்படி அளந்து எடுத்தது. எஞ்சியதில் குடியானவனுக்கு வித்துநெல்லும் மிஞ்சவில்லை. 1959 யூலையில் லூஷான் மலையிற் கூடிய கூட்டத்தில், கொரியப் போரில் படைநடத்திய தளபதி பெங் தே ஹூவாய் இதனை மாஓவுக்கு ஒரு கடிதத்தில் எழுதினார். அவரும் ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளை, பசியை அறிந்தவர். மாஓ அக்கடிதத்தைப் பலர் முன்னும் வைத்து, அதை எழுதியவரைத் துரோகக் கூட்டத்தவர் என்றார். பெங் பதவியிழந்தார். தவறு திருத்தப்பட வேண்டிய அந்த நேரத்திலேதான் முன்பாய்ச்சல் இன்னும் விரைவாக்கப்பட்டது. 1959 முதல் 1961 வரை சீனத்திற் பஞ்சத்தால் மாண்டோர் எத்தனை பேர்? ஆய்வாளர் மதிப்பீடுகள் ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை வேறுபடுகின்றன. ஹெனான் மாகாணத்துச் சின்யாங் பகுதியிற் கிராமங்கள் ஆளின்றி ஒழிந்தன. களஞ்சியத்தில் தானியம் இருக்க, பூட்டுக்கு வெளியே மக்கள் மாண்டனர்.

அதே ஆண்டுகளில் சீனா தானியத்தை ஏற்றுமதி செய்தது. 1959இல் மட்டும் ஏற்றுமதியானது நாற்பது இலட்சம் தொன்னுக்கு மேல். இயந்திரங்களுக்கு விலை கொடுக்கவும், சோவியத் நாட்டுக் கடனைத் தீர்க்கவும், வெளியுலகின் முன்னே மானத்தைக் காக்கவும் அது தேவைப்பட்டது. 1961இலேயே கனடாவிடமும் அவுஸ்திரேலியாவிடமும் கோதுமை வாங்கத் தொடங்கினர். இலங்கையுடனான றப்பர்-அரிசி உடன்படிக்கை 1957இல் புதுப்பிக்கப்பட்டு, அவ்வாண்டுகள் முழுவதும் நடைமுறையில் இருந்தது.

சட்டம்பியார் என் கண்முன் விரித்துக் காட்டியது அந்த ஆண்டின் அரிசி.

இதனை நான் ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நாம் இரந்து பெறவில்லை. றப்பரை விலையாகக் கொடுத்தே வாங்கினோம். சீனக் குடியானவன் பட்டினி கிடக்கிறானென்பது கொழும்பிலும் எவருக்கும் தெரியாது. சீனத்திலேயே அடுத்த மாகாணத்தானுக்குத் தெரியாது. சுதந்திர இந்தியாவில் இத்தகைய பெரும் பஞ்சம் ஏற்படாமைக்கு அங்கே பத்திரிகைகளும் எதிர்க்கட்சிகளும் வாய்திறக்க இயன்றதே காரணமென்று பொருளியலறிஞர் அமர்த்தியா சென் விளக்கியிருக்கிறார். அதே அறிஞர், சாதாரண காலத்து நோயிலும் போசணைக் குறைவிலும் இந்தியா இழந்த உயிர்களைச் சீனத்தோடு ஒப்பிட்டுக் காட்டவும் தவறவில்லை. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்பவர் எங்கள் ஊரில் இரு கட்சியிலும் இருந்தனர்.

எங்கள் ஊர் என்றேன். வடமராட்சிக்குச் செங்கொடி புதிதன்று. 1956ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே பருத்தித்துறைத் தொகுதி கொம்யூனிஸ்ட் கட்சியினரான பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. தமிழறிவும் மேனாட்டுக் கல்வியும் வாய்ந்த அவர், தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து அவ்வாண்டு உரையாற்றினார். பின்பு மாஸ்கோவும் பீக்கிங்கும் முரண்பட்டபோது இலங்கைக் கட்சியும் இரண்டாகியது. மானிப்பாயில் 1920இற் பிறந்து, தொழிற்சங்கச் சம்மேளனத்தின் செயலாளராய்த் தீவெங்கும் அறியப்பட்டிருந்த நா. சண்முகதாசன் பீக்கிங் பக்கம் நின்று, 1964இல் தனிக் கட்சி கண்டார். மாஓவை நேரிற் கண்டு பேசிய தமிழர் அவர்.

மாஓவின் பெயரால் யாழ்ப்பாணத்தில் நடந்தது யாது? இங்கே நிலக்கிழாரை எதிர்த்து எழத்தக்க செம்படையுமில்லை, நெடும்பயணத்துக்கு மலையுமில்லை. ஆனால் தேநீர்க் கடையிலே ஒரு சாதியாருக்குக் கண்ணாடிக் குவளையும் மற்றொரு சாதியாருக்குச் சிரட்டையும் போத்தலும் இருந்தன. கோயில் வாசல் சிலருக்கு அடைத்தே இருந்தது. 1957இல் இயற்றப்பட்ட சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் ஏட்டிலே உறங்கியது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஓர் ஊர்வலம் புறப்பட்டது, பொலீசார் தடியடி நடத்தினர், ஊர்வலம் கலையவில்லை. அதன் தொடர்ச்சியாகத் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நாட்கணக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. சங்கானையிலும் வேறிடங்களிலும் உயிர்கள் பலியாயின. பல கடைகளில் குவளைகள் ஒன்றாயின. பல கோயிற் கதவுகள் திறந்தன. 'பஞ்சமர்' நாவலை எழுதிய கே. டானியல் அவ்வியக்கத்தின் உள்ளிருந்தே எழுதினார். ஹூனான் குடியானவன் தலைநிமிர்ந்தது போல இங்கே ஒருவன் தேநீர்க் கடைப் படியில் தலைநிமிர்ந்து ஏறினான். அதனை மாஓவின் கணக்கில் எழுதுவதா, அடிபட்ட இம்மக்களின் கணக்கில் எழுதுவதா என்று கேட்டால், இரண்டாவதையே நான் சொல்வேன். ஆயினும் அவர்களிற் பலர் கையில் அந்தச் சிவப்பு மட்டைச் சிறு நூலின் தமிழ்ப் பதிப்பு இருந்ததை மறைக்கமாட்டேன்.

அவ்வாண்டுகளில் சீனத்தில் மாஓ தம் கட்சிமீதே மாணவரை ஏவிவிட்டிருந்தார். 1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சி அது. பழைய பழக்கம், பழைய பண்பாடு, பழைய வழக்கம், பழைய எண்ணம் ஆகிய நான்கையும் ஒழிப்பதாகச் சொல்லிச் செங்காவலர் கோயில்களையும் நூல்களையும் அழித்தனர். கன்பூசியஸ் பிறந்த சூஃபூ நகரின் ஆலயமும் கல்லறைகளும் தப்பவில்லை. ஆசிரியர்கள் மாணவராலேயே அடிக்கப்பட்டனர், சிலர் இறந்தனர். குடியரசுத் தலைவர் லியூ ஷாஓ சி பதவியும் மருந்தும் மறுக்கப்பட்டு 1969இற் காவலில் மாண்டார். வாரிசென அறிவிக்கப்பட்ட லின் பியாஓ 1971இல் விமானத்தோடு மொங்கோலியாவில் எரிந்துபோனார். 1963 முதல் தமிழிலும் ஒலிபரப்பிவந்த பீக்கிங் வானொலியை எங்கள் சட்டம்பியார் இரவில் காதோடு வைத்துக் கேட்பார். மாணவர் ஆசிரியரை அடித்த செய்தி அதில் வராது. யாரோ வேறிடத்தில் வாசித்துவந்து சொன்னபோது, "ஏகாதிபத்தியப் பொய்" என்றார். சொன்னவன் அவரிடமே எழுத்துப் படித்தவன். மறுத்துப் பேசாமற் போய்விட்டான்.

1971 ஏப்பிரலில் தென்னிலங்கை இளைஞர் ஆயுதம் ஏந்தினர். அவர்களின் தலைவர் ரோகண விஜேவீர முன்னர் சண்முகதாசனின் கட்சியிலிருந்து விலக்கப்பட்டவர். கிளர்ச்சியில் சண்முகதாசனுக்குப் பங்கில்லை. இருந்தும் அவர் சிறையிலடைக்கப்பட்டார். அவர் சிறையிலிருந்தபோதே, சீனப் பிரதமர் சூ என் லாய் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவுக்குக் கடிதம் எழுதி அரசாங்கத்தை ஆதரித்தார். வட்டியில்லாக் கடனும் கொடுத்தார். மறு ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் மாஓவின் வாசிப்பறையில் அமர்ந்திருந்தார். உலகப் புரட்சியின் தலைநகர் என்று நம்பியிருந்தவர்கள் கண்டது, தன் அலுவலைத் தான் பார்க்கும் ஒரு பெரிய அரசை. சண்முகதாசன் மனம் மாறவில்லை. சிறையிலிருந்தே மார்க்சிய நோக்கில் இலங்கை வரலாற்றை எழுதினார். 1976 செப்டெம்பர் 9ஆம் திகதி மாஓ மறைந்து, ஒரு மாதத்துக்குள் அவர் மனைவி சியாங் சிங் உட்பட நால்வர் கைதானபோது, பீக்கிங்கின் புதிய தலைவர்களையே அவர் எதிர்த்தார். 1993இல் இங்கிலாந்தில் மறையும் வரை அவர் கொள்கை அதுவே. அவர் கருத்தை ஏற்காதவனாகிய நானும், காற்றுக்கேற்பத் திரும்பாத அக்குணத்தை மதிக்கிறேன்.

1981 யூன் இறுதியில் சீனக் கட்சி தன் தீர்ப்பை எழுதியது. மாஓவின் நற்பணி முதன்மையானது, தவறுகள் இரண்டாவது. ஆயினும் கலாசாரப் புரட்சி மக்கட் குடியரசு கண்ட மிகப்பெரும் பின்னடைவு. அதற்குப் பொறுப்பு மாஓ. அதே யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு எரிந்தது. அடுத்த நாள் சைக்கிளில் யாழ்ப்பாணம் சென்று சாம்பலைப் பார்த்துவந்த சட்டம்பியாருக்கு அப்போது எழுபது வயதிருக்கும். சில வாரங்களின் பின் கட்சித் தீர்ப்பின் செய்தியை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். சூஃபூவில் எரிந்த நூல்களைப் பற்றி முன்பு அவரிடம் படித்தவன் சொன்னதை இருவரும் பேசவில்லை.

பஞ்சத்தின் கணக்குகள் வெளிவரத் தொடங்கியது அதற்குப் பின்னர். சீனம் தன் குடிசன மதிப்பைப் புள்ளிவிபரங்களோடு வெளியிட்ட பிறகே அறிஞர் இறந்தோரின் தொகையைக் கணிக்க முடிந்தது. அதுபற்றிய ஒரு கட்டுரையை நான் கொழும்பிலிருந்து கொண்டுவந்து அவரிடம் கொடுத்தேன். இரண்டு நாளின் பின், சந்நிதிக் கோயில் வீதியில், பாலத்தின் அருகே என்னை மறித்தார்.

"தம்பி, சங்கக்கடையடியிலை உனக்கு நான் அரிசி காட்டினது நினைவிருக்கோ?"

"இருக்கு, சட்டம்பியார்."

"அதை விளைச்சவன் அண்டைக்குச் சாப்பிட்டிருப்பானோ?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. மடத்திலிருந்து அன்னதானத்துக்கு அழைக்கும் குரல் கேட்டது. வழக்கமாக உள்ளே போகாமல் வெளித் திண்ணையிலிருந்து பத்திரிகை வாசிக்கும் அவர், அன்று உள்ளே சென்று வரிசையில் இருந்து, இலையிற் போட்டதில் ஒரு பருக்கையும் மிச்சம் வையாமல் உண்டார். அவர் வீட்டு முன்கூடத்தில் மாட்டியிருந்த மாஓவின் படத்தை அவர் இறக்கவில்லை. இறந்த வீட்டுக்கு நான் போனபோதும் அது வேலவன் படத்துக்குப் பக்கத்தில், சற்றே மஞ்சள் பூத்து, அப்படியே இருந்தது.